படகுத்துறையில் நிற்பவர்

மகேஸ்வரியின் மேசையில் போன் திடீரென்று அலறியது. கையிலிருந்த காபி சுடிதாரில் சிந்தியது.

"எடு தாயி, இங்க யாருக்கும் காது செவுடு இல்ல" என்றான் பக்கத்து மேசை கணேஷ்குமார்.

மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரு துணிக்கடை மாடியில் இருந்தது அந்த அலுவலகம். ஆஸ்லோவுக்குச் சுற்றுலா போகிற தமிழர்கள் பஸ், படகு, கடை என்று எதைக் கேட்டாலும் இங்கிருந்துதான் பதில் போகும். பதில் தெரியாவிட்டால், "இப்ப வந்துடும், அங்கயே நில்லுங்க" என்று பேச்சை முடிப்பது அவர்கள் வழக்கம்.

கொள்ளேகால் கரியப்பனிடமும் மகேஸ்வரி அப்படித்தான் சொன்னாள். தை மாதத்தில் ஆஸ்லோ போயிருந்த அவர், அங்கே ஒரு தீவின் படகுத்துறையிலிருந்து கூப்பிட்டிருந்தார். பனியால் படகுகள் நின்றுபோனதை அவள் விசாரிக்கவில்லை. மறுநாள் அதே இடத்தில் அவரை விறைத்த பிணமாக எடுத்தார்கள். அவள் சொன்ன பதில் வெளியே யாருக்கும் தெரியாது. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது சித்திரை. போனை எடுத்தாள்.

"கண்ணு, படகு இன்னும் வரலீங்க."

அதே குரல்.

"ஐயா... அன்னிக்குப் படகே கிடையாது. நான் விசாரிக்காமச் சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க. அங்கிருந்து போயிடுங்க."

அவருக்குப் பின்னால் பலர் இருமுவது கேட்டது.

"நான் போயிருவனுங்க. எங்கூட நிக்கிறவங்களுக்கு என்னங்க சொல்றது? அவங்களையும் நீங்கதான் நிக்கச் சொன்னீங்களாமா."