ஒரு நூல் தாமதம்

"டிரம்ஸைத் தாளத்துக்கு நேராக்கிட்டேன் மேடம். கேட்டுப் பாருங்க."

சவுண்ட் இன்ஜினியர் பெருமையாகத்தான் சொன்னாள். அக்காவின் முகம் சுண்டிப்போனது.

"யாரும்மா இதைச் செய்யச் சொன்னது? பழையபடி மாத்திடு. அவன் வர்றதுக்குள்ள."

அவன் என்றால் தம்பி. அறுபது வயதாகியும் அக்காவுக்கு ‘அவன்’தான், நமக்கும் அப்படியே இருக்கட்டும். மேல்மாடி அலுவலகத்தில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் போயிருந்தான்.

அக்கா கிட்டார், தம்பி டிரம்ஸ். முப்பத்திரண்டு வருடங்களுக்கு முன்னால், இன்னும் இரண்டு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு அவர்கள் போட்ட ராக் ஆல்பம் ‘ஈர மாடிப்படி’. வந்த புதிதில் வாங்கியவர்கள் சொந்தக்காரர்கள் மட்டும். அவர்களிலும் பாதிப் பேர் உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

இன்றைக்கு அது இசைக் கல்லூரிகளில் பாடம். டிரம்ஸ் ஒரு நூல் தாமதமாக விழும். கிட்டார் அதற்கும் ஒரு நூல் பின்னால் வரும். நாலு நிமிடப் பாட்டு இப்படியே நகர்ந்து நகர்ந்து ஒன்பது நிமிடம் ஓடும். பரிசோதனை இசையின் உச்சம் என்று அதைப் பற்றி ஒருவர் தலையணைத் தடிமனில் புத்தகமே எழுதிவிட்டார். அதனால்தான் இந்த மறுவெளியீடு.

"கம்பெனிதான் கேட்டாங்க மேடம். விளம்பரத்துக்கு ஒரு பாட்டு மட்டும் சீரா, சின்னதா வேணுமாம்."

"சரி பண்ணினோம்னு நாலு பேர் சொல்லுவாங்க. அப்போ தப்பா இருந்துச்சுன்னு அவனுக்குத் தெரிஞ்சுபோயிடும்."

"தப்பா? அது நீங்க யோசிச்சுப் பண்ணின பரிசோதனை இல்லையா?"

அக்கா கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"பரிசோதனையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ரெக்கார்டிங்குக்கு முன்னாடி அவனுக்குக் காது மந்தமாயிடுச்சும்மா. பின்னால நின்னு கூப்பிட்டா திரும்பவே மாட்டான். ஒரு வாரம் பார்த்தேன். பயந்துபோய், அவனுக்குத் தெரியாம நானே காது டாக்டர்கிட்ட போய் விசாரிச்சேன். ‘இந்த வயசுல ஆரம்பிச்சா நிக்காது, மனசு உடையாமப் பார்த்துக்கோங்க’ன்னார். டிரம்ஸ்தான் அவனுக்கு உசுரு. அவன்கிட்ட போய் இதை எப்படிச் சொல்றது?"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, டாக்டர் சொன்ன மாதிரியே அடி லேட்டா விழ ஆரம்பிச்சுது. நானும் கையை இழுத்துப் பிடிச்சு அவனுக்குப் பின்னாலேயே வாசிச்சேன். எல்லாரும் லேட்டானா யாருமே லேட் இல்லையே."

"அதனாலதான் ரெண்டாவது ஆல்பம் போடலையா?"

"எனக்குச் சலிச்சுப்போச்சுன்னு சொல்லி கிட்டாரைப் பெட்டியில வச்சுட்டேன். அந்தச் சத்தத்துல இருந்தா மிச்சக் காதும் போயிடுமே. அவனும் மறுபேச்சு பேசல. அவனுக்கும் முடியலைன்னு அதுலயே புரிஞ்சுபோச்சு."

"ஆனா இப்போ நல்லாத்தானே பேசுறார்?"

"நான் தொண்டை கிழியப் பேசுறேன்ல, அதுல வண்டி ஓடுது. மெதுவாப் பேசி அவனைச் சோதிச்சுப் பார்க்க இன்னிவரைக்கும் எனக்கு மனசு வரல."

காலையில் இருவரும் ஊரைக் கூட்டுகிற குரலில் பேசிக்கொண்டே லிஃப்ட்டிலிருந்து இறங்கியதையும், சண்டை என்று நினைத்து வரவேற்பறைப் பெண் பதறி எழுந்ததையும் இன்ஜினியர் நினைத்துக்கொண்டாள்.

"நான் மாத்திடறேன் மேடம். கம்பெனிக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

அவள் விசைப்பலகையில் கை வைப்பதற்குள் கதவு திறந்தது.

"அக்கா, மேல உன்னைக் கூப்பிடுறாங்க. மூணு இடத்துல கையெழுத்துப் போடணுமாம்," என்றான் தம்பி, கண்ணாடிச் சுவர் அதிர.

"சரிடா, இதோ போறேன்," என்று அதே சுருதியில் சொல்லிவிட்டு அக்கா கிளம்பினாள். போகிறபோது இன்ஜினியரின் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள்.

தம்பி நாற்காலியில் உட்கார்ந்தான். இன்ஜினியர் அவன் முகத்துக்கு நேராகக் குனிந்து, ஒவ்வொரு சொல்லாக, உரக்கக் கேட்டாள். "சார், காபி, குடிக்கிறீங்களா?"

தம்பி காதைப் பொத்திக்கொண்டான்.

"எதுக்கும்மா இந்தக் கத்து கத்துறே? எனக்கு ஊசி விழுந்தாக்கூடக் கேக்கும்." பிறகு கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். "ஏதோ பாட்டுல டிரம்ஸை நேராக்குறீங்களாமே, மேல சொன்னாங்க. வேண்டாம்மா. டிரம்ஸ் நேரானா கிட்டார் பின்தங்குறது அப்பட்டமாத் தெரிஞ்சிடும். அக்கா தாங்கமாட்டா."

"சார்?"

"அப்போ எங்களுக்குள்ள ஒரு சின்னச் சண்டை. ஒரு வாரம் அவ எத்தனை தடவை கூப்பிட்டும் காதுல விழாத மாதிரி முறுக்கிக்கிட்டுத் திரிஞ்சேன். கடைசியில ஒருநாள் பார்த்தா, காது டாக்டர்கிட்டேருந்து கண்ணைத் துடைச்சுக்கிட்டே தனியா வெளிய வர்றா. அன்னிலேருந்துதாம்மா, அவளுக்காகக் காத்திருந்து காத்திருந்து அடிக்க ஆரம்பிச்சேன்."