ஆர்கனுக்குக் காற்று கொடுத்தவர்

"இந்தக் காலத்துல மூச்சு விடறதுக்குக்கூட மோட்டார் கேப்பானுங்க போலிருக்கு."

மெக்கானிக்கின் காதில் விழவேண்டும் என்றேதான் துருத்திக்காரர் சொன்னார். மெக்கானிக் ஆர்கனின் வயிற்றுக்குள் பாதி உடம்பை நுழைத்து, கிழிந்த துருத்தித் தோலை உரித்துக்கொண்டிருந்தார்.

முப்பத்தாறு வருடமாகத் தேவாலய மாடியில், ஆர்கனுக்குப் பின்னால் நின்று கைப்பிடியை ஏற்றி இறக்கிக் காற்று கொடுப்பது துருத்திக்காரர் வேலை. முன்னால் உட்கார்ந்து வாசிப்பது அவருடைய மாப்பிள்ளை, தங்கை புருஷன். கைப்பிடி போய்விட்டால் துருத்திக்காரரும் கீழே பெஞ்சில் பத்தோடு பதினொன்றாக உட்கார வேண்டியதுதான். அதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

"தோலை மாத்து, ஓட்டையை அடை. மோட்டார் கீட்டார்னு எதையாவது மாட்டி என் கைப்பிடியைக் கழட்டினே, நடக்கறதே வேற."

"பழையபடியே வச்சிடறேன் பெரியவரே. உங்க மாப்பிள்ளையும் அதைத்தான் சொன்னார்."

"அவரை நம்பாதே. நாலாவது சரணத்துல காத்து பத்தலைன்னு என்னை முறைக்கிற ஆளு."

"நான் ஒண்ணும் சொல்லலையே மச்சான்" என்றார் ஆர்கனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை.

"வாயால சொல்லல. முழியால சொன்னே."

மூன்றாம் நாள் சோதனை. துருத்திக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பின்னால் போனார். ஆர்கன் எழுப்பிய முழக்கத்தில் ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. பாட்டு முடிந்ததும் வேர்வையைத் துடைத்தபடி வந்து மெக்கானிக்கின் தோளில் தட்டினார்.

"பாத்தியா? எந்த மோட்டார் குடுக்கும் இதை? தோலு உன் வேலை, சத்தம் என் கை. போற இடத்துல எல்லாம் சொல்லு."

மாப்பிள்ளை, வேண்டாம் என்று மெக்கானிக்குக் கண்ணைக் காட்டினார். ஆனால் மூன்று நாள் பேச்சு வாங்கிய மனிதர், எத்தனை நேரம்தான் பொறுப்பார்?

"பெரியவரே, பதினெட்டு வருஷமா கீழ் அறையில இருக்கிற மோட்டார்தான் இதுக்குக் காத்து ஊதுது. உங்க கைப்பிடி தூக்கறது வெறும் மணல் மூட்டையை. உங்க மாப்பிள்ளை கட்டி வச்சது."

துருத்திக்காரர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு புரட்டினார்.

"மணல் மூட்டையைத் தூக்கினா எங்கய்யா பாட்டு வரும்? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கியவர், பாதிப் படியில் நின்றார்.

"மாப்பிள்ளை, ஞாயித்துக்கிழமை நான் வர்றதுக்கு முன்னாடி ஆர்கன் கட்டையில கை வச்சிடாதே. காத்து இருக்காது."