கரையில் ஒரு பிறந்தநாள்

“கண்ணைத் திறக்காதீங்க அண்ணி! திறந்தீங்க, அப்புறம் நான் உங்ககூடப் பேசவே மாட்டேன்!”

நாத்தனாரின் கைகள் இரண்டும் அவள் கண்களை இறுக்கிப் பொத்தியிருந்தன. மூக்குக்கண்ணாடிக் கடையில் பகல் முழுக்க நின்றுவிட்டு வந்த கால்கள். படிகளைத் தடவித் தடவி ஏறினாள்.

“ஏய், நான் விழுந்து வெச்சா உங்கண்ணன்தான் தூக்கணும். அவருக்கே இடுப்புப் பிடிப்பு.”

“அதெல்லாம் தூக்குவார். கப்பல் எஞ்சினையே கட்டி மேய்ச்சவர், உங்களைத் தூக்க மாட்டாரா?”

“எஞ்சினும் நானும் ஒண்ணாடி?”

“எடையிலயா அண்ணி, சத்தத்திலயா?”

கதவு திறந்தது. உள்ளே யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் மூக்கால் விட்டார்கள். கைகள் விலகின.

“ஹாப்பி பர்த் டே!”

கூடம் நிறைய ஆட்கள். கடைத் தோழி, எதிர் வீட்டுக்காரர், அவர் மனைவி, ஹாஸ்டலிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்ற மகள். மேசைமேல் கேக். அதன்மேல் ஐந்தும் சுழியுமாக இரண்டு மெழுகுவத்திகள். அவற்றுக்குப் பின்னால், புதிதாக முடி வெட்டிக்கொண்டு, சலவைச் சட்டையில் அவள் கணவர்.

அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“பாருங்க, கண்ணு கலங்குது!” என்றாள் தோழி. “எதிர்பார்க்கவே இல்லல்ல?”

“சத்தியமா எதிர்பார்க்கல.”

கல்யாணமான நாள் முதல் அவர் கப்பலில்தான். ஆறேழு மாதம் தண்ணீரில், மிச்சம் வீட்டில். மகள் முதலடி எடுத்து வைத்ததைப் போனில்தான் கேட்டார். மனைவி பிறந்த தேதி வரும்போதெல்லாம் எங்கோ நடுக்கடலில் இருப்பார். சிக்னல் கிடைத்தால் இரண்டு வார்த்தை. போன வருடம் ஒருநாள் பெட்டியைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டு, “போதும், இனிமே கரைதான்” என்றார். பம்பு பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் வேலைக்கும் சேர்ந்துவிட்டார்.

அன்றைக்கு அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “நகை வேணாம், ஊர் சுத்த வேணாம். எனக்கு அம்பது ஆகுற அன்னிக்கு நீங்க என் பக்கத்துல நிக்கணும். அது போதும்.”

“இதென்ன பெரிய விஷயம்? நான் எங்க போகப் போறேன்?” என்று சிரித்தார் அவர்.

இதோ, நிற்கிறார். தோள் உரச நிற்கிறார். கத்தி பிடித்த அவள் கைமேல் அவர் கை. எண்ணெயும் இரும்பும் தேய்த்துக் காய்ச்சுப்போன கை. கேக் வெட்டி முடிந்த பிறகும் அவள் அதை விடவில்லை.

“போதும்டி, மேசையும் சேர்ந்து வெட்டுப்பட்டுடும்!” என்றாள் தோழி.

“கேப்டன், நீங்க ஊட்டி விடுங்க!” என்றார் எதிர் வீட்டுக்காரர்.

“யோவ், நான் கேப்டன் இல்லய்யா. கீழே எஞ்சின் ரூம்ல கெடந்தவன்.”

“அப்போ வீட்டுல யாரு கேப்டன்?”

“கத்தி யாரு கையில இருக்குன்னு பாருங்க, தெரியும்.”

கூடம் சிரித்தது. அவர் மீசையில் கிரீம் ஒட்டியிருந்தது. இடுப்பில் செருகியிருந்த, கண்ணாடி துடைக்கும் கடைத் துணியை எடுத்து அவள் துடைத்தாள். மீசை சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“அம்மா, அது அப்பா மூஞ்சி. மூக்குக்கண்ணாடி இல்ல” என்றாள் மகள்.

“தெரியும் போடி.”

“ஆனா அப்பா கலக்கிட்டார்மா. ஒழுகுற குழாய், கரகரன்னு சுத்துற ஃபேன், கொல்லைக் கதவுத் தாழ்ப்பாள், எல்லாம் ஒரே வாரத்துல சரி பண்ணிட்டாராமே!”

“எங்க வீட்டுல ஒரு பல்பு மாத்தறதுக்கே நான் அம்பது வயசு வரைக்கும் காத்திருக்கணும் போல” என்றாள் தோழி. “நீ குடுத்து வெச்சவடி.”

“ஆமா” என்றாள் அவள்.

“அண்ணா, என்ன ஊமையாட்டம் நிக்கறே? ரெண்டு வார்த்தை பேசேன்” என்று நாத்தனார் அவர் முதுகில் தட்டினாள்.

அவர் தொண்டையைச் செருமினார். “என்னத்தைப் பேச? நான் இல்லாதப்போ எல்லாம் இந்த வீட்டை ஓட்டினது இவதான். இவ இல்லேன்னா நான் எப்பவோ மூழ்கிப் போயிருப்பேன்.” எல்லாரும் கைதட்டினார்கள்.

சாப்பாடு ஆயிற்று. கூடத்தில் மகளும் தோழியும் பாட்டு வைத்துவிட்டார்கள். அவள் கேக் கத்தியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் வந்தாள். பின்னாலேயே அவர் வந்தார்.

“பிடிச்சிருந்துதா?”

“ரொம்ப.”

“நான் ஏதாவது குறை வெச்சேனா?”

“ஒரு குறையும் இல்ல.” கத்தியைக் கழுவி, துடைத்து, ஓரமாக வைத்தாள். கண் திறந்த நொடியிலிருந்து நாக்கு நுனியிலேயே நின்றுகொண்டிருந்த கேள்வியைப் பிறகுதான் கேட்டாள்.

“எப்போ கப்பல்?”

அவர் சமையலறைக் கதவைச் சாத்தினார்.

“திங்கக்கிழமை” என்றார். “முடியலம்மா. அந்த எஞ்சின் சத்தம் இல்லாம எனக்குத் தூக்கமே வரல. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்... யார் சொன்னா உனக்கு? தங்கச்சியா?”

“யாரும் சொல்லல. கேக்கைப் பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு.”

அவர் கப்பலுக்குப் போன காலமெல்லாம், கிளம்புகிற வாரமே அவள் பிறந்தநாளையும் முன்கூட்டிக் கொண்டாடிவிடுவதுதான் அந்த வீட்டு வழக்கம். அவளுக்கு ஐம்பது ஆக இன்னும் மூன்று மாதம் இருந்தது.