பூசணிப்பூ விட்ட தூது

விடிந்ததும் விரிந்த ஆண் பூசணிப்பூ, அதே கொடியின் கோடியில் ஒரு பெண்பூ விரிந்திருப்பதைப் பார்த்தான். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. உச்சிவெயிலில் இருவரும் வாடிவிடுவார்கள், அதற்குள் மனசைச் சொல்லியாக வேண்டும்.

தேன் குடிக்க வந்த தேனீயிடம் கெஞ்சினான். "அக்கா, அவ மஞ்சளைப் பார்த்ததிலிருந்து வெயிலே வெளிறித் தெரியுதுன்னு சொல்லுங்க."

உடம்பெல்லாம் மகரந்தப்பொடி அப்பிக்கொண்டு போன தேனீ திரும்பி வந்தாள். "அங்கேயும் தேன் இருந்துச்சா, குடிச்சதுல மறந்துட்டேன் தம்பி. வெயிலுக்கு என்னவாம்?"

அவன் இன்னும் நீளமாகச் சொன்னான். அவள் இன்னும் சுத்தமாக மறந்தாள். போவதும் வருவதுமாகப் பொழுது உச்சிக்கு வந்துவிட்டது.

இதழ் சுருங்கச் சுருங்க அவன் கேட்டான். "ஒரு வார்த்தையாவது சொன்னீங்களாக்கா?"

"இல்லையே தம்பி. ஆனா நான் அவ மேல விழுந்து புரண்டதுல உன் பொடி பூரா அவகிட்ட போயிடுச்சு. அவ அடியில இருக்கிற பிஞ்சு காயாகப் போகுதாம், ஒரே குதியாட்டம். உனக்குக்கூட ஏதோ சொல்லி அனுப்பினா."

"என்ன சொன்னா?"

தேனீ யோசித்தாள். யோசித்துக்கொண்டே அவனிடம் இன்னொரு வாய் தேன் குடித்தாள்.