கங்காணி கேட்ட கேள்வி

கந்தப்பனைப் பார்த்ததுமே பூவம்மாவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

பண்டாரவளைக்குப் பக்கத்திலிருந்த அந்தப் பயிற்சிப் பண்ணைக்கு, தேயிலைத் தோட்டத்துப் பெண்களோடு பஸ்ஸில் வந்திருந்தாள். காசு கொடுத்து உரம் வாங்காமல் மரக்கறி போடக் கற்றுத்தருவார்கள் என்று மாதர் சங்கம் கூட்டி வந்திருந்தது. கற்றுத்தரப் போகிறவர் யாரென்று எவரும் சொல்லவில்லை.

கந்தப்பனுக்குத் தலை நரைத்திருந்தது. குரல் மட்டும் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்ட அதே குரல்.

சாணத்தையும் இலைதழையையும் மாற்றி மாற்றி அடுக்கிக் கூட்டெரு போடக் காட்டினார். சரிவில் மண் கரையாமல் குறுக்கே வரப்புக் கட்டக் காட்டினார். பிறகு மரவள்ளிப் பாத்தியருகே நின்று, "லயத்துக்குப் பின்னால கையகல நெலம் இருந்தாப் போதும். ஒரு குடும்பம் பசியாறிரும்" என்றார்.



எழுபத்து நாலாம் ஆண்டுப் பஞ்சத்தில், முன்பிருந்த தோட்டத்தில், பூவம்மாவும் தான் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் மரவள்ளிதான் நட்டிருந்தாள். அங்கே கங்காணியாக இருந்தவர் இதே கந்தப்பன். தோட்டத்து நிலத்தில் கை வைத்தாள் என்று ஆள் விட்டு எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டார். கிழங்கு அப்போது விரல் தடிமன்கூட இல்லை. இடுப்பில் பிள்ளையோடு அவர் காலில் விழுந்தாள். அவர் காலை நகர்த்திக்கொண்டார்.

பிறகு அந்தப் பிள்ளையோடு பதுளைக் கடைத்தெருவில் பிச்சைக்கு உட்கார்ந்தாள். பிள்ளைக்கு அழக்கூடத் தெம்பில்லை.

பெண்கள் தேத்தண்ணி குடிக்கப் போனார்கள். கந்தப்பன் அவளிடம் வந்தார்.

"நீ பூவம்மாதானே?"

"ஆமாங்க."

தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஒவ்வொரு கூட்டம் வாறப்பவும் ஒன்னையத்தான் தேடுவேன். அந்தப் புள்ள எப்படி இருக்கு?"

அவர் எந்தப் பதிலைக் கேட்கத் தவிக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. நல்லாயிருக்கு என்று ஒரு சொல் போதும். இந்த மனுஷன் இனி நிம்மதியாகத் தூங்குவார்.

"அந்தப் பஞ்சத்துலயே போயிருச்சுங்க."

கந்தப்பன் பாத்தி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பூவம்மா நின்று, ஆசை தீரப் பார்த்தாள். மற்றப் பெண்கள் திரும்பி வந்து, நடுவதற்கு மரவள்ளித் தடி வாங்கிக்கொண்டார்கள். அவள் வாங்கவில்லை. கந்தப்பனிடம் வாறேன் என்றும் சொல்லவில்லை.

பொழுது சாயும் நேரம் லயத்துக்கு வந்தாள். கதவைத் திறந்தவள் தவமணி. பஞ்சத்தில் இடுப்பிலிருந்த பிள்ளை இப்போது பூவம்மாவின் தோள் உயரம்.

"என்னம்மா சொல்லிக் குடுத்தாங்க?"

பூவம்மா நேரே அடுப்படிக்குப் போனாள். உப்பும் மிளகாயும் அள்ளி வந்து, மகளை நிற்கவைத்துத் தலையைச் சுற்றினாள். நன்றாகச் சுற்றி அடுப்பில் போட்டாள்.

"யாரு கண்ணு பட்டுச்சும்மா?"

உப்பு வெடித்தது. தன் வாயால் சொன்னது பிள்ளைமேல் பலித்துவிடக் கூடாதென்று இன்னொரு கை உப்பை அள்ளிப் போட்டாள். ஆனாலும், போய்க் கந்தப்பனிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை.