ஜன்னலோர இடம்

“மேடம், பிள்ளையைக் கொஞ்சம் பிடிங்க! பக்கத்துல ஒரு இடமும் போட்டு வைங்க, இதோ ஏறிடறேன்!”

கை நிறையத் தங்க வளையலோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அம்மாளின் மடியில் கைக்குழந்தை இறங்கியது. பின்னாலேயே பால் புட்டியும் துணி மூட்டையும் போயின.

அலெக்சாந்திரியாவின் அபூ கீர் ரயில் லைனில் இது புதிதில்லை. மன்னர் காலத்து நிலையம், தாழ்ந்த நடைமேடை. வாசலில் முட்டி மோதி ஏறுவதற்குள் இடம் போய்விடும் என்று பையையோ பிள்ளையையோ முதலில் ஜன்னல் வழியே அனுப்பிவிடுவார்கள்.

பிள்ளையைக் கொடுத்த கறுப்பு முக்காட்டுக்காரி திறந்திருந்த இரண்டு ஜன்னல்களைத் தாண்டி வந்ததை, கொடியோடு நின்ற நிலையப் பணியாள் ரஃபத் பார்த்தான். நல்ல இடமாகத் தேடுகிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

ரயில் நகர்ந்தது. ஓடிவந்து கம்பியைப் பிடித்தவளை ரஃபத்தான் நடைமேடையில் இழுத்துப் போட்டான்.

“உசுரு வேணாமா தங்கச்சி?”

“ஐயோ, என் பஸ்மா! என் பிள்ளை போச்சே!”

அவள் தரையில் புரண்டு அழுதாள். இழுக்காமல் விட்டிருந்தால் ஏறியிருப்பாளே, பாவி நான் என்று ரஃபத் நொந்துகொண்டான். அடுத்த நிலையத்துக்குப் போன் போட்டுக் கத்தினான்.

“வளையலைப் பார்த்தீல்ல? பிள்ளை பிடிக்கிறவளா இருக்கும்,” என்றான் டீக்கடைக்காரன்.

“உன் வாயில மண்ணைப் போட!”

பதில் வந்ததும் ரஃபத் துள்ளினான். “அழாத தங்கச்சி! அந்தம்மா இறங்கிட்டாங்களாம். எதிர் வண்டியில பிள்ளையோட வர்றாங்க.”

அவள் அழுகை சட்டென்று நின்றது. “இங்கேயேவா?”

“பின்ன?”

“தண்ணி குடிச்சுட்டு வந்துடறேண்ணே.”

“மயக்கம் போட்டு விழுவே, உட்காரு.” தண்ணீரை அவனே வாங்கிக் கொடுத்தான். பக்கத்தைவிட்டு நகரவில்லை.

எதிர் வண்டி வந்தது. வளையல்காரம்மாள் மூச்சிரைக்க இறங்கினாள். “நல்லா இடம் பிடிச்சே போ! ஊரையே கூட்டிட்டா உன் பொண்ணு!”

முக்காட்டுக்காரியைக் கண்டதும் பஸ்மா வாயை மூடினாள். தாவி அவள் முக்காட்டை இறுகப் பற்றிக்கொண்டு பொக்கை வாயால் சிரித்தாள். கூட்டம் கைதட்டியது. ரஃபத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

முக்காட்டிலிருந்து அந்தச் சின்ன விரல்களை அவள் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள். பிறகு ரஃபத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“இது என் பிள்ளை இல்லண்ணே.”