மூன்று லட்சம் பேர்

“ஏம்மா, ஒரு மணி நேரத்துல மூணு லட்சம் பேரு வந்திருக்கான்! கூட்டம் தாங்காம சைட்டு படுத்துக் கெடக்கு. நீ என்னடான்னா ஆடி அசைஞ்சு வாரியே!”

கருணாகரன் அண்ணாச்சி கத்தினாலும் முகம் பூரா சிரிப்பு. தி.நகரில் நான்கு மாடி ஜவுளிக்கடை வைத்திருப்பவர் அவர். ஆடித் தள்ளுபடியின் முதல் நாளான இன்று காலையில்தான் இணையத்திலும் கடை திறந்திருந்தார். அந்த இணையக் கடையைக் கட்டிக்கொடுத்த திருவான்மியூர் கம்பெனியிலிருந்து அடித்துப் பிடித்து வந்திருந்தாள் கயல்.

“இதோ பாத்துடறேன் அண்ணாச்சி” என்று அவர் அறையிலேயே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள்.

அவள் பாடு தர்மசங்கடம். சைட் நன்றாக ஓடினால் அவளுக்கு நல்ல பெயர். ஆனால் முதல் நாளே இணையத்தில் கூட்டம் அள்ளினால், சேலைகள் இருக்கும் மூன்றாவது மாடியை மூடிவிடப் போவதாக அண்ணாச்சி நேற்றே சொல்லிவிட்டார். அந்த மாடியில் பத்தொன்பது வருஷமாகச் சேலை விரித்துக் காட்டும் ஜோதிலட்சுமி, கயலைப் பெற்றவள். கால் கடுக்க நின்றுதான் மகளை இன்ஜினியர் ஆக்கினாள். அண்ணாச்சிக்கு இது தெரியாது. நானூறு பேர் வேலை செய்கிற கடையில் யார் யாருக்குப் பிள்ளை என்று அவர் என்னத்தைக் கண்டார்!

திரையைப் பார்த்ததும் கயலுக்குக் கவலைகூடக் கொஞ்ச நேரம் மறந்துபோனது. இப்படி ஒரு கூத்தை அவள் பார்த்ததே இல்லை.

“அண்ணாச்சி, நமக்கு நாலு சர்வர் இருக்கு. கீழ நாலு பில் கவுண்டர் வெச்சிருக்கீங்கல்ல, அந்த மாதிரி. வர்ற ஆளுங்களை நாலுக்கும் பிரிச்சு அனுப்ப ஒரு புரோகிராம் இருக்கு. ஆனா கூட்டம் மொத்தமும் மூணாவது சர்வர்லயே முட்டிக்கிட்டு நிக்குது. மத்த மூணும் சும்மா ஈ ஓட்டுது!”

“அந்த மூணும் ரிப்பேரோ?”

“இல்லையே! சோதிச்சுப் பாத்துட்டேன், மூணும் நல்லாத்தான் இருக்கு.”

“அப்போ பிரிச்சு அனுப்புறவன்தான் கள்ளன்.”

கயல் சிரித்துவிட்டாள். “அவன் மேலயும் தப்பு இல்லை அண்ணாச்சி. வாங்குறவங்க எடுத்து வெச்ச சேலை பாதியில காணாமப் போகக் கூடாதுல்ல? அதுக்காக, ஒரே இடத்துலேருந்து வர்றவங்களை ஒரே சர்வருக்கு அனுப்பச் சொல்லியிருக்கோம். அதைத்தான் செய்யுறான். அப்படின்னா...” அவள் நகத்தைக் கடித்தாள். “இந்த மூணு லட்சமும் ஒரே இடத்துலேருந்து வருது!”

“ஒரே இடமா? எந்த ஊரு? சிங்கப்பூரா? நம்ம பக்கத்து ஆளுக அங்க ரொம்பப் பேரு இருக்கான்!”

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஜோதிலட்சுமி உள்ளே வந்தாள். மூன்றாவது மாடியில் வேலை செய்பவர்களின் பட்டியலை எழுதி எடுத்து வரச் சொல்லியிருந்தார் அண்ணாச்சி. மொத்தம் அறுபத்திரண்டு பெயர். வயதில் மூத்தவள் என்பதால் தன் பெயரைத்தான் முதலில் எழுதியிருந்தாள். மகளைப் பார்த்தும் பார்க்காதது போல ஓரமாக நின்றுகொண்டாள். கயலும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“இது இன்னும் வேடிக்கை” என்றாள் மெதுவாக. “வந்தவங்க யாரும் ஒரு சேலையைக்கூடத் தொறந்து பாக்கலை. வெலை கேக்கலை. ‘புதுச் சேலை வந்திருக்கா, புதுச் சேலை வந்திருக்கா’ன்னு மட்டும் திருப்பித் திருப்பிக் கேக்குறாங்க.”

“அப்படிக் கேக்க அவனுகளுக்குப் பைத்தியமா?”

“மனுஷங்க கேக்கறது இல்லை அண்ணாச்சி. போன்ல நம்ம கடை ஆப்பைத் தொறந்துட்டு மூடாம விட்டா, அஞ்சு செகண்டுக்கு ஒருதரம் அதுவே கேட்டுக்கிட்டு இருக்கும். ஒவ்வொரு தரம் கேக்கும்போதும் ஒரு ஆள் வந்த கணக்கு ஏறும்.”

விரல்கள் பரபரவென்று ஓடின. அந்த இடம் எது என்று தேடிப் பிடித்தவள், நம்பாமல் இன்னொரு தரம் பார்த்தாள்.

“சிங்கப்பூர் இல்லை அண்ணாச்சி. தி.நகர்.”

“எதிர்த்த கடைக்காரன்தானே? எனக்கு அப்பவே தெரியும்! அவன் வயித்தெரிச்சல்...”

“எதிர்த்த கடையும் இல்லை. இது உங்க கடையோட வைஃபை.”

அண்ணாச்சியின் சிரிப்பு மறைந்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். கோபம் நேராக ஜோதிலட்சுமி மேல் பாய்ந்தது.

“எவ அவ? வேலை நேரத்துல போனை நோண்டிக்கிட்டு இருக்கிறவ எவ? மாடியை மூடப் போறேன்னு தெரிஞ்சதும் வேணும்னே சைட்டைப் படுக்க வெச்சிட்டீங்களோ?”

கயல் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அவசரப்பட்டு வாயை விட்டு அம்மாவையே மாட்டிவிட்டோமோ? ஜோதிலட்சுமியோ கொஞ்சமும் பதறவில்லை.

“எங்க கையில ஏது அண்ணாச்சி போனு? கடையில இருக்கிற எல்லார் போனையும் தெனம் காலைல வாங்கி உங்க ரூம்பு பீரோலதான வெச்சுப் பூட்டிடறீங்க?”

“அப்புறம் ஆப்பை எவ தொறந்தா?”

“இன்னாங்க அண்ணாச்சி, அதுக்குள்ள மறந்துட்டீங்களா? ‘இன்னிக்கு எல்லாரும் நம்ம ஆப்பைத் தொறந்துட்டு உள்ள வெய்யுங்க, மொதப் போணி நம்ம கையால ஆவட்டும்’னு நீங்கதான சொன்னீங்க? யாரும் மூடலியே.”

அண்ணாச்சி இடுப்பிலிருந்த சாவியை எடுத்துப் பின்னால் இருந்த பீரோவைத் திறந்தார்.

தட்டுத் தட்டாக நானூற்றுப் பன்னிரண்டு கைப்பேசிகள். மூன்றாவது மாடியை மூட வைக்க இருந்த அந்த மூன்று லட்சம் பேரும் அதற்குள்தான் இருந்தார்கள்.